ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்கு: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்த சிலர் பின்னாளில் வழக்கறிஞர்களாகவும் பெயர் எடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், அந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் செய்ய வேண்டியதைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: லென் எல்மோர் என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீகில் ஆடிவிட்டு ஹார்வர்டில் சட்டம் படித்தவர் என்கிறார்கள். கல்லூரி நாட்களில் அவர் அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா? இல்லை, ஹார்வர்டால் வந்த பெயரா?

பெரிய ஆட்டக்காரர்தான், சந்தேகமே வேண்டாம். மேரிலாண்ட் பல்கலைக்கழக அணிக்கு 1971 முதல் 1974 வரை சென்டராக, அதாவது கூடைக்கு அருகில் நிற்கும் ஆட்டக்காரராக, ஆடினார். உயரம் 6 அடி 9 அங்குலம். எடுத்த ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) 1,053, ஆட்டத்துக்குச் சராசரி 12.2. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி வரலாற்றில் முதலிடம் அவருக்குத்தான். இதையெல்லாம் மூன்றே சீசனில் செய்தார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1972-73க்கு முன்பு முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி இடம் தரவில்லை. அதனால் அந்தத் தலைமுறையின் கல்லூரி எண்ணிக்கைகள் எல்லாமே மூன்று சீசனுக்கு உரியவை. நான்கு சீசன் ஆடியவர்களோடு மொத்த எண்ணிக்கையை ஒப்பிட்டால் அந்தத் தலைமுறைக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். சராசரியை ஒப்பிடுங்கள்.

அவருடைய கல்லூரி வாழ்க்கையின் உச்சம் ஒரு தோல்வி. 1974 மார்ச்சில் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தில் மேரிலாண்ட், நார்த் கரோலினா ஸ்டேட் அணியிடம் கூடுதல் நேரத்தில் 103-100 என்று தோற்றது. எதிரணியின் சென்டர் டாம் பர்லசன் மட்டும் 38 புள்ளிகள் எடுத்தார். அன்றைய விதிப்படி ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து சாம்பியன் மட்டுமே தேசியப் போட்டிக்குப் போக முடியும். நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்றான மேரிலாண்ட் வீட்டுக்குத் திரும்பியது. வென்ற அணி அந்த ஆண்டு தேசியக் கோப்பையையும் தூக்கியது. அடுத்த ஆண்டே, 1975ல், போட்டி 32 அணிகளாக விரிந்து, சாம்பியன் அல்லாத அணிகளுக்கும் கதவு திறந்தது.

பிறகு ஏபிஏ என்ற போட்டி லீகிலும் என்பிஏவிலும் சேர்த்துப் பத்து சீசன். 1984ல் ஓய்வு. 1987ல் ஹார்வர்டில் சட்டப் பட்டம். அதன்பின் நியூயார்க் நகரின் புரூக்ளினில் உதவி அரசு வழக்கறிஞர். விளையாட்டு ஏஜென்டாகவும் தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் இருந்திருக்கிறார்.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சட்டப் படிப்பு மூன்று ஆண்டு. 1987ல் முடிக்க 1984 இலையுதிர் காலத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்க்கைத் தேர்வும் விண்ணப்பமும் அதற்கு முந்தைய மாதங்களிலேயே, அதாவது இன்னும் ஆடிக்கொண்டிருந்த சீசனிலேயே, முடிந்திருக்க வேண்டும். பந்தைக் கீழே வைத்த பிறகு யோசிக்கத் தொடங்கியவருக்கு இந்தக் கணக்கு வராது.

கேள்வி: 1960களில் கல்லூரியில் ஆடி, பிறகு வழக்கறிஞரான ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். புள்ளிகள் கிடைக்கின்றன, பிளாக் (தடுத்த ஷாட்), ஸ்டீல் (பறித்த பந்து) எதுவும் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது?

பெரும்பாலும் தேடியும் பயனில்லை. ஆண்கள் ஆட்டத்தில் பிளாக்கையும் ஸ்டீலையும் என்சிஏஏ அதிகாரபூர்வமாகப் பதியத் தொடங்கியது 1985-86ல்தான். கூடை போட உதவிய பாஸைக் குறிக்கும் அசிஸ்ட், 1950களின் தொடக்கத்தில் இரண்டு சீசன் பதிவானது. பிறகு 1983-84ல்தான் திரும்ப வந்தது. ரீபவுண்ட் 1950-51லிருந்து கிடைக்கும். சில கல்லூரிகள் தாங்களாகவே எண்ணி வைத்திருக்கும். அப்படிக் கிடைத்தால் 'கல்லூரிப் பதிவின்படி' என்று சொல்லி எழுதுங்கள்.

தேடும் வரிசை இது. முதலில் அந்தக் கல்லூரியின் மீடியா கைடு, அதாவது பத்திரிகையாளர்களுக்காக வெளியிடும் கையேடு. பழைய ஆண்டுகளின் பிரதிகளைப் பல கல்லூரிகள் இணையத்தில் வைத்திருக்கின்றன. அடுத்து கல்லூரியின் மாணவர் நாளிதழ். அதன்பின் உள்ளூர் நாளிதழ்களின் பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஆட்டக்காரர் வாரியான எண் பட்டியல்.

பழைய பாக்ஸ் ஸ்கோரை வாசிக்கத் தெரிய வேண்டும். பெயருக்கு எதிரே '7 4-6 18' என்று இருக்கும். முதல் எண் போட்ட கூடைகள். நடுவில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட்): ஆறு கிடைத்து நான்கு விழுந்தது. கடைசி எண் மொத்தப் புள்ளி. ஏழை இரண்டால் பெருக்கி நான்கைக் கூட்டினால் பதினெட்டு வந்தாக வேண்டும். வராவிட்டால் அச்சுப் பிழை. எந்த எண் தப்பு என்று கண்டுபிடிக்க அணியின் எல்லா வரிகளையும் கூட்டி இறுதி ஸ்கோரோடு ஒப்பிடுங்கள். மொத்தம் பொருந்தி, வரி மட்டும் பொருந்தவில்லை என்றால் கூடை அல்லது ஃப்ரீ த்ரோ எண்ணில் பிழை. மொத்தமே பொருந்தவில்லை என்றால் வேறொரு நாளிதழின் பிரதியைத் தேடுங்கள். இந்தச் சூத்திரம் 1986-87க்கு முந்தைய ஆட்டங்களுக்குத்தான் செல்லும். அந்த சீசனில் மூன்று புள்ளிக் கோடு நாடு முழுவதும் வந்துவிட்டது. அதற்கு முன்பே சில கான்ஃபரன்ஸ்கள் சோதனையாகக் கோடு போட்டுப் பார்த்ததால் 1980களின் முதல் பாதியிலும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

எண்களுக்குப் பின்னால் இருந்த ஆட்டத்தையும் வாசகருக்குச் சொல்லுங்கள். கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் ஷாட் கிளாக் (ஷாட் அடிப்பதற்கான கால வரம்பு) நாடு முழுவதும் வந்தது 1985-86ல், அதுவும் 45 விநாடி. அதற்கு முன் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கைமாற்றிக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். 1967 முதல் 1976 வரை டங்க் அடிக்கவே, அதாவது பந்தை மேலிருந்து கூடைக்குள் அழுத்திப் போடவே, தடை. சவுத் கரோலினாவின் ஜான் ரோச் 1969, 1970 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் சிறந்த வீரராகத் தேர்வானவர். பின்னாளில் டென்வரில் வழக்கறிஞர். தூரத்திலிருந்து அவர் போட்ட கூடைகளுக்கெல்லாம் கல்லூரியில் இரண்டு புள்ளிதான் கிடைத்தது.

வழக்கறிஞர் என்ற பகுதியைச் சரிபார்ப்பது இதைவிட எளிது. ஒவ்வொரு மாநிலத்திலும் வழக்கறிஞர் பதிவேட்டை யாரும் தேடிப் பார்க்கலாம். பதிவான ஆண்டு, இப்போது தொழில் செய்கிறாரா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்கும். இதில் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, ஒரே பெயருள்ள வேறொருவரைப் பிடித்துவிடுவது. சட்டக் கல்லூரியின் பெயரும் பட்டம் பெற்ற ஆண்டும் ஒத்துப்போகாமல் எழுதாதீர்கள். இன்னொன்று, ஜே.டி. என்ற சட்டப் பட்டம் வாங்கியவரையெல்லாம் வழக்கறிஞர் என்று எழுதிவிடுவது. பட்டம் வேறு, வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வில் தேறிப் பதிவு செய்வது வேறு.

கேள்வி: என் மகள் டிவிஷன் ஒன் (என்சிஏஏவின் உயர்மட்டப் பிரிவு) அணியில் இரண்டாம் ஆண்டு ஆடுகிறாள். சட்டம் படிக்க விரும்புகிறாள். சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான எல்சாட் தேர்வை எப்போது எழுதுவது? பயிற்சியாளர், 'வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் பயிற்சி' என்கிறார். அவளுக்கோ மூச்சு விட நேரமில்லை.

இருவர் சொல்வதும் உண்மை. சீசனில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு இருபது மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது என்சிஏஏ விதி. ஆனால் பயணம் அந்த இருபதில் சேராது. பிசியோவிடம் போகும் நேரம் சேராது. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரம் என்றே கணக்கு. செவ்வாய் இரவு வெளியூர் ஆட்டம் ஆடிவிட்டு நள்ளிரவுக்கு மேல் விடுதிக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஏட்டில் மூன்று மணி நேரம்தான் பதிவாகும். நேரத் திட்டம் போடும்போது இருபதை நம்பாதீர்கள். ஒரு வாரம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்து, அந்த எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள்.

எல்சாட்டுக்கு நாங்கள் சொல்லும் மாதம், மூன்றாம் ஆண்டு முடிந்ததும் வரும் ஜூன். தேசிய இறுதிப் போட்டிகள் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். அதிலிருந்து இரண்டு மாதம் இருக்கிறது. சீசன் இல்லாத நாட்களில் கட்டாயப் பயிற்சியும் வாரம் எட்டு மணி நேரத்துக்குக் குறையும். ஜூனில் சரியாக வராவிட்டால் ஆகஸ்ட் கைவசம் இருக்கும். விண்ணப்பங்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும். வரவரப் பார்த்து இடம் கொடுப்பார்கள் என்பதால் அக்டோபரில், அதாவது முதல் ஆட்டத்துக்கு முன்பு, அனுப்பிவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும். நவம்பர் தேர்வை நம்பியிருப்பதுதான் விளையாட்டு வீரர்கள் செய்யும் பெரிய தவறு. சீசன் தொடங்கும் மாதம் அது.

தேர்வின் அமைப்பு 2024 ஆகஸ்டில் மாறியது. புதிர்க் கட்டம் போடும் லாஜிக் கேம்ஸ் பகுதி போய்விட்டது. இப்போது லாஜிகல் ரீசனிங் இரண்டு, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று, மதிப்பெண் இல்லாத சோதனைப் பகுதி ஒன்று. ஒவ்வொன்றும் 35 நிமிடம். மதிப்பெண் 120 முதல் 180 வரை. அண்ணன் அக்காவிடமிருந்து வந்த பழைய பயிற்சிப் புத்தகமாக இருந்தால் லாஜிக் கேம்ஸ் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இடம் மதிப்பெண் சராசரி. சட்டக் கல்லூரிகள் பார்ப்பது கல்லூரி தரும் ஜிபிஏவை மட்டுமல்ல. எல்சாட் தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பு, மாணவர் படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் வாங்கித் தானே புதிதாகக் கணக்கிடும். அணி மாறியபோது படித்த பழைய கல்லூரி, ஆடும் தகுதியைக் காப்பாற்ற ஒரு கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) எடுத்த ஒரே ஒரு பாடம், எல்லாம் அதில் வரும். தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதியிருந்தால், கல்லூரி பழைய மதிப்பெண்ணை மறைத்திருந்தாலும், பட்டியலில் தெரியும் பட்சத்தில் எல்சாக் இரண்டையும் சேர்க்கும். முதல் இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு எடுக்கும் மதிப்பெண் இந்தக் கணக்கில் ஏறாது. எனவே ஐந்தாம் ஆண்டில் முதுகலை மாணவியாக ஆடிக்கொண்டே சராசரியை உயர்த்திவிடலாம் என்ற யோசனை பலிக்காது. மகள் இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறாள். சராசரியைத் தூக்க இன்னும் நேரம் இருக்கிறது.

எந்தப் பாடத்தில் பட்டம் என்பது முக்கியமில்லை. நிறைய எழுத வைக்கும் பாடமாக இருந்தால் நல்லது. ஆனால் இஷ்டத்துக்குப் பாடப்பிரிவு மாறினால் ஆடும் தகுதிக்கே ஆபத்து. பட்டத்துக்கு வேண்டியதில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும் என்று என்சிஏஏ கேட்கிறது. குறைந்தது இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் பேராசிரியர்களிடமிருந்து வர வேண்டும். பயிற்சியாளரின் கடிதம் மூன்றாவதாக வரட்டும். சுயகட்டுரையில் 'காயம் பட்டேன், மீண்டு வந்தேன்' என்ற கதை வேண்டாம். விண்ணப்பம் போடும் விளையாட்டு வீரர்களில் பாதிப் பேர் அதைத்தான் எழுதுவார்கள். எதிரணியின் இருபது நிமிட வீடியோவிலிருந்து ஒரு பலவீனத்தை எப்படிக் கண்டாள் என்று ஒரு பத்தி எழுதினால், ஆதாரத்தை வாசிக்கத் தெரிந்தவள் என்று புரிந்துகொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. எல்சாட் மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். பட்டம் முடித்து வெளிநாட்டில் ஓரிரு சீசன் தொழில்முறையாக ஆட ஆசை இருந்தாலும், தேர்வைக் கல்லூரியிலிருக்கும்போதே எழுதி வைத்துவிடட்டும்.

கேள்வி: ஆடும் தகுதி ஒரு சீசன் மிச்சமிருக்கிறது. சட்டக் கல்லூரி முதலாண்டில் சேர்ந்துகொண்டே ஆடலாமா?

விதி தடுக்கவில்லை. பட்டம் முடித்தவர் மேற்படிப்பு மாணவராக மிச்ச சீசனை ஆடலாம். ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் அடிப்படை. அந்த விதியே இப்போது நீதிமன்றங்களில் அடிபடுவதால், உங்கள் நிலைமையைக் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வோம். சட்டக் கல்லூரியில் பல பாடங்களுக்குப் பருவ முடிவில் ஒரே ஒரு தேர்வு. மூன்று நான்கு மணி நேரம் எழுதுவதுதான் மொத்த மதிப்பெண். சக மாணவர்களோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். முதல் தேர்வு டிசம்பரில். அப்போது சீசன் சூடு பிடித்திருக்கும். முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துத்தான் பெரிய சட்ட நிறுவனங்கள் கோடைகால வேலைக்கு ஆள் எடுக்கின்றன. ஒரு சீசனுக்காக இதைப் பணயம் வைப்பது சரியாகப் படவில்லை. மாலை வகுப்பில் நான்காண்டுப் படிப்பு இருக்கிறதே என்பார்கள். மாலை வகுப்பும் மாலை ஆட்டமும் ஒரே நேரத்தில் வருமே!

ஆடாமல், அணியோடு இருந்தபடி படித்தவர்கள் உண்டு. ஜே பைலஸ் 1986ல் டியூக் அணியில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனவர். லூயிவில்லிடம் 72-69 என்று தோற்றார்கள். வெளிநாட்டில் ஆடிவிட்டுத் திரும்பி, டியூக்கிலேயே உதவிப் பயிற்சியாளராக இருந்துகொண்டு 1992ல் சட்டப் பட்டம் வாங்கினார். அந்த இடைவெளியில் அணி 1991, 1992 இரண்டு கோப்பைகளை வென்றது. பிறகு ஷார்லட்டில் வழக்கறிஞர். ஈஎஸ்பிஎன் வர்ணனையாளராகத்தான் பலருக்குத் தெரியும். அதே டியூக்கில் பாயின்ட் கார்டாக (ஆட்டத்தை வழிநடத்துபவராக) ஆடிய குவின் ஸ்னைடர் சட்டம், எம்பிஏ இரண்டும் முடித்துவிட்டு என்பிஏ தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

கேள்வி: பார் தேர்வு அவ்வளவு கடினமா? களத்தில் நெருக்கடியைச் சமாளித்தவர்களுக்கு அது சுலபமாக இருக்காதா?

நெருக்கடியைத் தாங்குவது கடைசி இரண்டு நாளுக்கு உதவும். அதற்கு முந்தைய பத்து வாரத்துக்கு வேறு குணம் வேண்டும்.

பல மாநிலங்களில் இருக்கும் அமைப்பு இது: ஜூலை, பிப்ரவரி மாதங்களின் கடைசி வாரத்தில் இரண்டு நாள். முதல் நாள் ஆறு கட்டுரைகள், ஒன்றுக்கு 30 நிமிடம். அதே நாளில், ஆவணக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து மனுவோ குறிப்போ எழுதச் சொல்லும் செயல்முறைத் தேர்வு இரண்டு, ஒன்றுக்கு 90 நிமிடம். இரண்டாம் நாள் 200 கொள்குறி வினாக்கள், காலை 100, மாலை 100, ஆறு மணி நேரம். ஒரு கேள்விக்கு 1 நிமிடம் 48 விநாடி. மொத்தம் 400, நியூயார்க்கில் தேற 266 வேண்டும். தொழில் நெறி பற்றிய 60 கேள்வித் தேர்வு தனி; அதைப் படிக்கும்போதே எழுதி முடித்துவிடலாம். 2026 ஜூலை முதல் சில மாநிலங்கள் புதிய வடிவத்துக்கு மாறத் தொடங்குகின்றன. உங்கள் மாநிலம் எப்போது மாறுகிறது என்பதைப் பயிற்சிப் புத்தகம் வாங்கும் முன்பே பாருங்கள்.

தோற்பவர்கள் பெரும்பாலும் குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள். வாசிக்க வாசிக்கத் தெரிந்தது போலவே இருக்கும். முப்பது கேள்வி போட்டு, தப்பான ஒவ்வொன்றும் ஏன் தப்பாயிற்று என்று ஒரு வரி எழுதினால்தான் ஓட்டை தெரியும்: விதி தெரியவில்லையா, தெரிந்தும் விதிவிலக்கை மறந்தோமா, கேள்வியையே அவசரமாகப் படித்தோமா? சரியாகப் போட்டதிலும் குருட்டாம்போக்கில் விழுந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்த மறுநாள் வீடியோவைப் போட்டுத் தன் தவறைத் தானே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வெகு இயல்பாக வரும். விளையாட்டு வீரர் கொண்டுவரும் நிஜமான பலம் அதுதான். உடற்பயிற்சியை அறவே நிறுத்திவிடாதீர்கள். பத்து வருடம் ஓடிய உடம்பை ஒரே நாளில் நாற்காலியில் கட்டிப்போட்டால் தூக்கம்தான் முதலில் கெடும்.

தேர்வில் தேறியும் சிலர் சிக்கிக்கொள்ளும் இடம் நன்னடத்தை விசாரணை. பழைய முகவரிகள், வேலைகள், கடன், போலீஸ் வழக்கு, கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை என்று எல்லாம் கேட்பார்கள். பழைய தவறைவிட அதை மறைத்ததுதான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கிறது. சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் ஒன்று, இங்கே வேறொன்று என்று எழுதியிருந்தாலும் விளக்கம் கேட்பார்கள். சேர்க்கை விண்ணப்பத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பெண்களில் இப்படி யாராவது உண்டா?

உண்டு. வேல் ஆக்கர்மன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1977 முதல் 1981 வரை ஆடி, மூன்று ஆண்டு கேப்டனாக இருந்தவர். பெண்களுக்கான என்சிஏஏ கூடைப்பந்துப் போட்டி தொடங்கியது 1982ல். அதாவது அவர் பட்டம் வாங்கிய மறு ஆண்டு! அவருடைய பெயரை அந்தப் போட்டியின் பதிவேடுகளில் தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

பிரான்சில் ஒரு சீசன் ஆடினார். 1985ல் யூசிஎல்ஏவில் சட்டப் பட்டம். நியூயார்க்கில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் வேலை. 1988ல் என்பிஏவின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். பெண்களுக்கான லீகான டபிள்யூஎன்பிஏ தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. முதல் ஆட்டம் 1997 ஜூன் 21, நியூயார்க் லிபர்ட்டியும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸும். 2013ல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் கமிஷனர் ஆனார். 2021ல் கூடைப்பந்துச் சாதனையாளர்களுக்கான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தார். ஒரு லீகைத் தொடங்குவது என்றால் ஒளிபரப்பு, மைதானம், ஸ்பான்சர், வீராங்கனைகள் என்று எங்கு திரும்பினாலும் ஒப்பந்தம்தான். ஆட்டமும் தெரிந்து ஒப்பந்தமும் வாசிக்கத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் இருந்தது பெரிய காரியம்.

கேள்வி: இப்போது கல்லூரி வீரர்களே விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்களே! ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

இந்த உரிமையே கோர்ட்டில் வாங்கியதுதான். 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றிய வழக்கு என்றாலும், மாநிலச் சட்டங்களும் சேர்ந்துகொள்ள, ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்து, கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. 2025-26ல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

ஒப்பந்தத்தில் முதலில் கால அளவைப் பாருங்கள். 'நிரந்தரமாக' என்ற சொல் இருந்தால் அடித்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் படத்தை எடுக்க வேண்டும் என்று எழுத வையுங்கள். பின்னாளில் தொழில்முறை வீரராகச் சம்பாதிப்பதில் பங்கு கேட்கும் வரி இருந்தால் கையெழுத்தே வேண்டாம். ஒரு ஷூ நிறுவனத்தோடு மட்டும் என்று தனியுரிமை கொடுத்தால், அது அணியின் சீருடை ஒப்பந்தத்தோடு மோதும். காயம் பட்டாலோ அணி மாறினாலோ பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறதா என்று பாருங்கள். வழக்கமாகக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 600 டாலரும் அதற்கு மேலும் வரும் வெளி ஒப்பந்தங்களை டிவிஷன் ஒன் வீரர்கள் ஐந்து வேலை நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

வரியில்தான் பலர் மாட்டுகிறார்கள். இந்தப் பணத்தில் யாரும் வரி பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். வருமான வரி போக, சுயதொழில் வரி 15.3 சதவீதம் தனி. வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பவர்கள் எதிலும் கையெழுத்திடும் முன் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரைப் பார்த்தே தீர வேண்டும். அங்கே தப்பு நடந்தால் போவது ஸ்காலர்ஷிப் மட்டுமல்ல, விசாவே.

கேள்வி: ஏஜென்ட் வைப்பதா, வழக்கறிஞர் வைப்பதா?

என்பிஏ ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் வாங்கக்கூடிய கமிஷன் அதிகபட்சம் 4 சதவீதம். 50 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் அது 2 லட்சம் டாலர். வழக்கறிஞர் மணிக்கணக்கில் வாங்குவார். அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், முதல் சுற்றில் தேர்வானவருக்குச் சம்பளம் 1995 முதல் அளவுகோலின்படி ஏறக்குறைய முன்பே தீர்மானமாகிவிடுவதால், பேரம் பேச அதிகம் இல்லை. கிராண்ட் ஹில், டிம் டங்கன் போன்ற வீரர்கள் லான் பாபி என்ற வழக்கறிஞருக்கு மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்தார்கள். விளம்பர வாய்ப்புகளைத் தேடிப் பிடித்துத் தர ஆள் வேண்டுமென்றால் ஏஜென்ட் பக்கம் போங்கள். அந்த ஒப்பந்தத்தை வாசிக்க வேறொரு வழக்கறிஞரை வையுங்கள். ஆடும் தகுதி மிச்சமிருக்கும் மாணவர் ஏஜென்டோடு ஒப்பந்தம் செய்தால் 72 மணி நேரத்துக்குள், அதற்குமுன் ஆட்டம் வந்தால் ஆட்டத்துக்கு முன்பே, கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும். 2004ன் மத்தியச் சட்டம் இது.

கேள்வி: அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே கூடைப்பந்துக் களம் இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம். கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், நீதிமன்ற அறைக்கு நேர் மேலே இருக்கிறது. 'நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்' என்று செல்லமாகச் சொல்வார்கள். அங்கே ஆடிய நீதிபதிகளில் பைரன் ஒயிட் கல்லூரி நாளிலேயே பெயர் பெற்றவர். அமெரிக்கக் கால்பந்தில்தான் பெரும்புகழ் என்றாலும், 1938ல் நடந்த முதல் என்ஐடி என்ற கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் கொலராடோ அணிக்காக மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இறுதி ஆட்டம் வரை ஆடினார். டெம்பிளிடம் 60-36 என்று தோற்றார்கள். யேலில் சட்டம் படித்து, 1962 முதல் 1993 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். மாடியில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு: கீழே நீதிமன்றம் நடக்கும் நேரத்தில் பந்து தட்டக் கூடாது.